சோதனையில் தாங்கிய டேங்க், காலி செய்யும்போது நசுங்கியது ஏன்?

காங்கேயம் பக்கம் எண்ணெய் ஆலை நடத்தும் வாசகர் கேட்கிறார்: “2 மீட்டர் விட்டம், 4 மீட்டர் நீளம், 3 மி.மீ. இரும்புத் தகட்டில் செய்த படுக்கை டேங்க். காற்று ஏற்றிச் சோதித்தபோது அசையவில்லை. மோட்டார் போட்டு எண்ணெயை லாரிக்கு ஏற்றும்போது டமாரென்று ஒரு பக்கம் உள்ளே போய்விட்டது. தூசிக்காக மேலே காற்றுக்குழாயில் பாலித்தீன் கட்டியிருந்தோம். தகடு மட்டமா? தட்டி நிமிர்த்தலாமா?”

தகட்டின் மேல் பழி போடாதீர்கள். காரணம் அந்தப் பாலித்தீன்தான். எண்ணெய் வெளியேற, அந்த இடத்துக்குக் காற்று வரவில்லை. உள்ளே அழுத்தம் குறையக் குறைய, வெளிக்காற்று டேங்கை நசுக்கிவிட்டது.

உள்ளிருந்து அழுத்தினால் தகடு இழுபடும். இழுவையில் இரும்பு கெட்டி. கணக்குப்படி உங்கள் உருளைத் தகடு சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ வரை தாங்கும். (மூடியும் வெல்டிங்கும் அதற்கு முன்பே விட்டுவிடும், முயன்று பார்க்காதீர்கள். இனி சோதனையைத் தண்ணீர் நிரப்பியே செய்யுங்கள். காற்றில் வெடித்தால் ஆளைக் கொல்லும்.) வெளியிலிருந்து அழுத்தும்போது கதையே வேறு. மெல்லிய தகட்டுக்குச் சுருங்குவதைவிட வளைவது சுலபம். அதனால் இரும்பின் பலம் தீருவதற்கு வெகு முன்பே வட்டம் நெளிந்து, பள்ளமாக மடிந்துவிடும். பக்ளிங் என்பது இதுதான். உங்கள் அளவுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 0.2 கிலோ. வெளிக்காற்றின் அழுத்தம் 1 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். துரு தின்று தகடு 2 மி.மீ. ஆகியிருந்தால் எல்லை மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஏற்கெனவே சொட்டை விழுந்திருந்தால் இன்னும் சீக்கிரம் போகும்.

சரி, நிமிர்த்தலாமா? வேண்டாம். கூர்மையாக மடிந்த கோடுகளில் இரும்பு நிரந்தரமாக இழுபட்டிருக்கும், மயிரிழை விரிசலும் இருக்கலாம். தட்டினாலும் பழைய வட்டம் திரும்பாது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வையுங்கள்.

அப்போதே நடுவில் ஆங்கிளை (L வடிவ இரும்புப் பட்டையை) வளைத்துச் சுற்றிலும் ஒரு வளையம் வெல்டிங் செய்துவிடுங்கள். நீளம் இரண்டாகப் பிரிவதால் தாங்கும் அளவு இரட்டிப்பாகும். டேங்க் முழுவதையும் 4 மி.மீ. தகட்டில் செய்தாலும் அதே பலன்தான், செலவைப் பாருங்கள்!

காற்றுக்குழாய், மோட்டார் குழாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. வாயைக் கீழ்நோக்கி வளைத்து வலை போட்டால் தூசி, மழை இரண்டும் போகாது. தேங்காய் எண்ணெய் என்றால், மார்கழியில் தெறித்தது வலையில் உறைந்து அடைத்துக்கொள்ளும்; மோட்டார் போடும் முன் ஒருவர் ஏறிப் பார்க்கட்டும். நீராவியில் கழுவினால் ஆறும்வரை மேன்ஹோலை (ஆள் உள்ளே இறங்கும் வாயை) திறந்தே வையுங்கள். ஆவி தண்ணீராகும்போது உண்டாகும் வெற்றிடம் மோட்டார் இழுப்பதைவிட மோசம்.