ஜிடிபி ஏறுகிறது, நம் வீட்டு வருமானம் ஏன் கூடவே ஏறவில்லை?

இரண்டும் ஒரே பணத்தை அளப்பவை அல்ல. ஜிடிபி என்பது ஒரு நாட்டில் ஓராண்டில் உற்பத்தியாகும் பொருள்கள், சேவைகளின் மொத்த மதிப்பு. மலேசியாவில் 2019இல் ஜிடிபி ஏறக்குறைய 1.51 டிரில்லியன் ரிங்கிட், 2022இல் 1.79. விலைவாசியைக் கழிக்காத இந்தக் கணக்கில் ஏற்றம் சுமார் 18.5%. அதே மூன்று ஆண்டில் இடைநிலைக் குடும்பத்தின் (வருமான வரிசையில் சரிநடுவில் நிற்கும் வீட்டின்) மாத வருமானம் 5,873 ரிங்கிட்டிலிருந்து 6,338க்குத்தான் போனது. 8%கூட இல்லை.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், தொழிற்சாலை ஒன்றில் புது இயந்திரம் வந்து உற்பத்தி இரட்டிப்பானால் ஜிடிபி ஏறும். ஆப்பரேட்டரின் சம்பளச் சீட்டு அப்படியே இருக்கலாம். லாபம் பங்குதாரருக்கு, பல நேரம் வெளிநாட்டுக்கு. ஜிடிபியில் சம்பளத்தின் பங்கே ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான். போதாததற்குக் குடும்பங்களின் எண்ணிக்கையும் கூடிவிட்டது.

சராசரி வருமானத்தை நம்பி ஏமாறாதீர்கள். ஐந்து வீடுகள்: 2,000, 4,000, 6,000, 8,000, 20,000. சராசரி 8,000. கடைசி வீடு 40,000 ஆனால் சராசரி 12,000. நடு வீட்டுக்கு அதே 6,000தான்.