ஜெர்மனியில் முதல் மாதம்: தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா?

கேள்வி: ஜெர்மனியில் மென்பொருள் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் கிளம்புகிறேன். முதல் ஆறு வாரம் தங்க கம்பெனியே ஒரு வீடு தருகிறது. மனைவி பிறகு வருவார். போய் இறங்கியதும் முதலில் என்ன செய்ய வேண்டும்? வேலையில் எதில் கவனம் தேவை?

பதில்: கிளம்பும் முன்பே கம்பெனியிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். அந்தத் தற்காலிக வீட்டு முகவரியில் அன்மெல்டுங் செய்ய முடியுமா? குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்வதுதான் அன்மெல்டுங். வாடகை ஒப்பந்தம் மட்டும் அதற்குப் போதாது, நீங்கள் குடிவந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் தரும் படிவமும் வேண்டும். சட்டப்படி அவர் தந்தாக வேண்டும். ஆனாலும் குறுகிய கால வாடகைக்கு விடுபவர்களில் சிலர் மறுப்பார்கள். அங்கே போய் அலைவதைவிட இங்கிருந்தே எழுத்தில் பதில் வாங்குங்கள். பெரிய நகரங்களில் அந்த அலுவலகத்தில் டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம், அதையும் ஆன்லைனில் இப்போதே தேடத் தொடங்குங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பதிவு செய்த பிறகுதான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது கம்பெனியின் கைக்குப் போகாமல் இழுத்துக்கொண்டே போனால், சம்பளத்தில் ஆறாம் வரி வகுப்புப்படி பிடிப்பார்கள். பிடித்தம் மிக அதிகமான வகுப்பு அதுதான். பிற்பாடு திரும்பக் கிடைக்கும், சரி. ஆனால் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டும் மாதத்தில் அது கையைக் கடிக்கும். அந்த அட்வான்ஸும் கால்ட்மீட்டெ எனும் அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதை மூன்று தவணையில் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. கேட்கத் தயங்காதீர்கள்.

அப்புறம் தபால் பெட்டி. அடுக்குமாடி வீடுகளில் தபால்காரர் பார்ப்பது பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை. பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வரி எண், வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர், கடிதமும் அந்தப் பெயருக்கே வரும். அதனால் இரண்டு பெயரையும் சேர்த்து ஒட்டுங்கள். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும், அதை விளம்பரம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்பது 2021 ஆகஸ்டில் வந்த கட்டணம். வீட்டில் டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டில், மனைவி வரப்போகிறார் என்பதால் அரசு முறைக் காப்பீட்டையே எடுங்கள் என்பேன். அவருக்குத் தனி வருமானம் இல்லாதவரை கூடுதல் கட்டணமின்றி உங்களோடு சேர்த்துக்கொள்வார்கள். தனியார் காப்பீடு இளவயதில் மலிவாகத் தெரியும், ஆனால் அதிலிருந்து திரும்பி வருவது கடினம்.

வேலையில் முதல் ஆறு மாதம் பெரும்பாலும் ப்ரோபெட்சைட், அதாவது சோதனைக் காலம். அப்போது இரு தரப்பும் இரண்டு வார அறிவிப்பில் விலகலாம். இதற்குப் பயந்துதான் நம் ஆட்கள் காய்ச்சலோடும் அலுவலகம் போகிறார்கள். அது அவசியமே இல்லை. வேலை தொடங்கும் நேரத்துக்கு முன்பே தகவல் சொல்லுங்கள். மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரின் சான்று வேண்டும், சில கம்பெனிகள் முதல் நாளே கேட்கும், ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நோய் நாட்களை ஆண்டு விடுப்பில் கழிக்க முடியாது. தகவல் சொல்லாமல் இருப்பதுதான் உண்மையில் உங்களுக்குக் கெட்ட பெயர் தரும். அதேபோல, முடியாத வேலைக்கு "முடித்துவிடுகிறேன்" என்று தலையாட்டாதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடியாது, செவ்வாய் ஆகும் என்று முன்கூட்டியே சொல்பவரைத்தான் அங்கே நம்புவார்கள்.

அலுவலகத்தில் ஆங்கிலம் போதும் என்றாலும் ஜெர்மன் வகுப்பைத் தள்ளிப்போடாதீர்கள். ப்ளூ கார்டில், அதாவது உயர்திறன் வேலைக்கான குடியிருப்பு அனுமதியில் போகிறவர் என்றால், மற்ற நிபந்தனைகளோடு பி1 எனும் இடைநிலை ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம், ஏ1 எனும் தொடக்க நிலை மட்டும் என்றால் 27 மாதம் ஆகும். மனைவியையும் இங்கிருக்கும்போதே வகுப்பில் சேர்த்துவிடுங்கள். பகலில் வீட்டு உரிமையாளர், மருத்துவமனை, பக்கத்து வீடு என்று ஜெர்மனில் பேச வேண்டியிருப்பது அவருக்குத்தான்.