சாயப்பட்டறைக் கட்டடமும் 'முழுத் திருப்தி' என்ற வாசகமும்

கேள்வி: திருப்பூர் அருகே பனியன் கம்பெனி நடத்துகிறேன். சில ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு சாயப்பட்டறையை, 40 சென்ட் இடமும் இரண்டு தளக் கட்டடமுமாக வாங்கப் பேசியிருக்கிறோம். கீழே தையலும் மேலே நிட்டிங் இயந்திரங்களும் வைப்பதாகத் திட்டம். சில தூண்களில் புதிதாகப் பூசிய தடம் தெரிகிறது. கிரய ஒப்பந்த வரைவில் "கட்டடத்தை நேரில் பார்வையிட்டு முழுத் திருப்தி அடைந்து" என்று எழுதியிருக்கிறார்கள். இந்த வாரமே 25 லட்சம் முன்பணம் கேட்கிறார்கள். பின்னால் குறை தெரிந்தால் விற்றவர்மீது வழக்குப் போட முடியுமா?

பதில்: வழக்குப் போடலாம். அது நிற்குமா என்பது, கையெழுத்திடும் முன் நீங்கள் எதைப் பார்த்தீர்கள், எதைக் கேட்டீர்கள், அதற்கு எழுத்தில் என்ன பதில் வந்தது என்பதைப் பொறுத்தது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவில், சொத்தில் உள்ள முக்கியமான குறைபாட்டை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையை விற்பவருக்கு விதிக்கிறது. ஆனால் அந்தக் குறை விற்பவருக்குத் தெரிந்ததாகவும், உங்களுக்குத் தெரியாததாகவும், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். கண்ணில் படும் விரிசலுக்கும் ஒழுகும் கூரைக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. மறைந்த குறையாகவே இருந்தாலும், அது விற்பவருக்குத் தெரியும் என்பதை மெய்ப்பிக்கும் சுமை பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

அதே பிரிவு, "மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில்" என்ற நிபந்தனையோடுதான் தொடங்குகிறது. 'முழுத் திருப்தி' என்ற வாசகம் வெறும் சம்பிரதாய வரி அல்ல என்பதற்கு இதுவே காரணம். நாளை வழக்கு வந்தால், கட்டடத்தின் நிலையைப் பற்றிய பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொண்டீர்கள் என்று எதிர்த் தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த வரியைத்தான். மோசடிக்கு அது கேடயமாகாது என்பது உண்மையே. எனினும் அதை நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுத்தால், "பொறியாளர் அறிக்கையில் கண்ட நிலைக்கு உட்பட்டு" என்றாவது மாற்றச் சொல்லுங்கள்.

புதிதாகப் பூசிய தூண்கள்தான் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவில், ஓர் உண்மையைத் தெரிந்தே செயலால் மறைப்பதை மோசடி என்கிறது. வெறும் மௌனம் வேறு. மௌனத்தால் ஏமாந்தவர் சாதாரண முயற்சியில் உண்மையை அறிந்திருக்க முடியும் என்றால், 19ஆம் பிரிவின் விதிவிலக்கு அவருக்கு ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையைத் தருவதில்லை. ஆகவே அந்தப் பூச்சு ஏன், எப்போது, யாரால் செய்யப்பட்டது, அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று கடிதம் மூலம் கேளுங்கள். உண்மையான பதில் வந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். பொய்யான பதில் வந்தால், அந்தக் கடிதமே பின்னாளில் உங்கள் சாட்சி.

பூச்சின் அடியில் என்ன இருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது சோற்றுப்பும் கிளாபர் உப்பும் (சோடியம் சல்பேட்) ஏராளமாகச் சேர்க்கப்படுகின்றன. ஈரத்தோடு கான்கிரீட்டுக்குள் இறங்கும் சோற்றுப்பின் குளோரைடு, உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பெருத்து, மேல் கான்கிரீட்டை வெடிக்கச் செய்யும். கிளாபர் உப்பின் சல்பேட்டோ கான்கிரீட்டையே அரிக்கும். தட்டிப் பார்த்தும் சுத்தியல் சோதனை ஒன்றைச் செய்தும் 'பரவாயில்லை' என்று சொல்லிவிட்டுப் போகும் பொறியாளர் இங்கே போதாது. பினாப்தலீன் கரைசலைத் தெளித்து, இளஞ்சிவப்பு நிறம் வந்தால் நல்ல கான்கிரீட் என்பார்கள். அது காரத்தன்மை போகவில்லை என்பதை மட்டுமே காட்டும், உப்பைக் காட்டாது. தூணில் துளையிட்டு எடுத்த தூளில் குளோரைடு அளவையும், கம்பியில் அரிப்பு நடக்கிறதா என்பதைக் கூறும் மின்னழுத்தச் சோதனையையும், சில இடங்களில் உருளை மாதிரி எடுத்து வலிமைச் சோதனையையும் கேளுங்கள். துளை போட்டால் கட்டடம் கெட்டுவிடும் என்று விற்பவர் தடுத்தால், முறையாக எடுத்து அடைக்கப்படும் துளையால் கெட்டுப்போகும் கட்டடத்தை நீங்கள் வாங்கவே வேண்டாம்.

முதல் தளத்தில் நிட்டிங் இயந்திரம் வைப்பது தனிக் கேள்வி. கட்டடம் தாங்க வேண்டிய சுமைக்கான இந்தியத் தர நிர்ணயம் 875 (IS 875), இரண்டாம் பகுதி, தொழிற்கூடத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு இலகு இயந்திரமானால் 5, நடுத்தரமானால் 7, கனரகமானால் 10 கிலோ நியூட்டன் (ஒரு கிலோ நியூட்டன் ஏறக்குறைய 100 கிலோ எடை) சுமையை எடுத்துக்கொள்கிறது. இயந்திரமே இல்லாத வேலைத் தளத்துக்கு 2.5 மட்டுமே. அந்த முதல் தளம் எந்தக் கணக்கில் கட்டப்பட்டது என்பதற்குக் கட்டமைப்பு வரைபடம் வேண்டும். வரைபடம் இல்லையென்றால், தளத்தின் தாங்கும் திறனைப் பொறியாளர் கணக்கிட்டு எழுதித் தர வேண்டும்.

விற்பவர் காட்டும் கட்டட உறுதிச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். அது தொழிற்சாலை உரிமத்துக்காக, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் காட்டுவதற்காகப் பெறப்பட்டது; உங்களுக்காக எழுதப்பட்டதல்ல. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டாலும், இந்தக் கட்டடத்தின் பழைய அனுமதிகள் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ்தான் இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை வாங்கி, நிற்கும் கட்டடத்தோடு ஒப்பிடுங்கள். வரைபடத்தில் இல்லாத தளமோ கூரை நீட்டிப்போ இருந்தால், அந்தப் பிரச்சினை கிரயத்தோடு உங்களுக்கு வந்து சேரும். உங்கள் பொறியாளரின் அறிக்கை உங்கள் பெயருக்கே எழுதப்பட்டிருக்க வேண்டும்; தவறு நேர்ந்தால் அவரை உங்களால் பொறுப்பாக்க முடிவது அப்போதுதான்.

சாயப்பட்டறை என்பதால் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, கசடு. சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் கசடு 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. பொதுவாக 90 நாட்களுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். இந்தப் பட்டறை எந்தச் சூழ்நிலையில் மூடப்பட்டது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் நடவடிக்கை ஏதும் நிலுவையில் உள்ளதா என்று பாருங்கள்; தொட்டிகளும் மண்ணும் ஆழ்துளைக் கிணற்று நீரும் சோதிக்கப்பட வேண்டும். இரண்டாவது, மின்கட்டணம். பழைய உரிமையாளரின் நிலுவையை, விதிகள் அனுமதித்தால், புதிய உரிமையாளரிடம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் கே.சி. நைனான் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. மின்வாரியத்திடம் நிலுவை இல்லை என்ற எழுத்துப்பூர்வமான பதிலைப் பெறாமல் மீதித் தொகையைக் கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம் ஆகியவற்றை உங்கள் வழக்கறிஞர் பார்ப்பார். ஆனால் மின் நிலுவையும் கசடும் வில்லங்கச் சான்றில் வருவதில்லை.

முன்பணத்தைப் பற்றி: 25 லட்சத்தை இந்த வாரம் கொடுக்க வேண்டிய அவசியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சிறு தொகை ஒன்றைக் கொடுத்து, 45 நாட்கள் ஆய்வுக் காலம் கேளுங்கள். அதற்குள் பொறியாளர் அறிக்கையோ மண் சோதனையோ பாதகமாக வந்தால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்றும், பழைய கழிவுக்கும் பழைய நிலுவைகளுக்கும் விற்பவரே ஈடு செய்ய வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கொடுத்த முன்பணத்துக்கு 55ஆம் பிரிவு அந்தச் சொத்தின்மீதே ஒரு பொறுப்பை (சொத்திலிருந்தே பணத்தை வசூலிக்கும் உரிமையை) உருவாக்கினாலும், விவரம் அறியாமல் விலை கொடுத்து வாங்கிய மூன்றாம் நபரிடம் அது செல்லாது. எனவே ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயமும்கூட. வேறு ஆள் காத்திருக்கிறார் என்று புரோக்கர் சொல்வார். அந்த வேறு ஆளும் தூணைத் தட்டிப் பார்க்கத்தான் போகிறார்.