'நாலு கேள்வி'தான் கேட்டார்களா?

கேள்வி: கொரியத் தொடர்களைப் பற்றி உங்கள் இதழில் ஆசை ஆசையாக எழுதுகிறீர்கள். நானும் விடாமல் பார்ப்பவள்தான். ஆனால் அங்கே நடிகர்கள் போதைப்பொருள், குடி என்று மாட்டிக்கொள்கிறார்கள். பத்திரிகைகள் கேள்வி கேட்டால் உயிரை விட்டுவிடுகிறார்கள். லீ சுன் க்யூன், கிம் சே ரோன் என்று பட்டியல் நீள்கிறது. கோடி கோடியாகச் சம்பாதிக்கிறவர்கள் நாலு கேள்வியைத் தாங்க வேண்டாமா? தப்பு செய்யாதவர் ஏன் பயப்பட வேண்டும்?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஒருவர் ஏன் அந்த முடிவுக்குப் போனார் என்று வெளியிலிருந்து நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முன் அவருக்கு என்னென்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். லீ சுன் க்யூன் விஷயத்தில் அதையே பார்ப்போம்.

2023 அக்டோபர் 19 அன்று ஒரு கொரிய நாளிதழ், 'உச்ச நட்சத்திரம் எல்' மீது போதைப்பொருள் விசாரணை என்று செய்தி போட்டது. இன்ச்சியோன் நகரப் போலீஸ் அப்போது வழக்குகூடப் பதியவில்லை, பூர்வாங்க விசாரணைதான் நடந்துகொண்டிருந்தது. மறுநாளே அவர் யார் என்று நாட்டுக்கே தெரிந்துவிட்டது. அதிலிருந்து டிசம்பர் 27ஆம் தேதி அவர் இறக்கும்வரை, எழுபது நாள்கூட இல்லை. அதற்குள் மூன்று முறை அழைத்து விசாரித்தார்கள். மூன்று முறையும் காவல் நிலைய வாசலில் கேமராக் கூட்டத்தின் முன் நின்று, குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் அவர் உள்ளே போனார். மூன்றாவது முறையாவது கேமரா இல்லாமல் வர விடுங்கள் என்று வழக்கறிஞர் மூலம் கேட்டுப் பார்த்தார். முடியாது என்றார்கள். அன்று, டிசம்பர் 23 காலையில் உள்ளே போனவர், மறுநாள் விடியும் முன்தான் வெளியே வந்தார். 19 மணி நேரம்! நீங்கள் சொல்லும் நாலு கேள்வி இதுதான்.

இதற்கிடையில் சிறுநீர், தலைமுடி என்று எடுத்த எந்தச் சோதனையிலும் போதைப்பொருளின் தடயம் கிடைக்கவில்லை. தன்னை மிரட்டி 35 கோடி வோன், நம் பணத்தில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல், பறித்துவிட்டார்கள் என்று அவரே புகார் கொடுத்திருந்தார். மிரட்டிய இரண்டு பெண்களுக்கும் பின்னால் நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்தது. அதே வழக்கில் இழுக்கப்பட்ட பாடகர் ஜி-டிராகன் மீது எந்த ஆதாரமும் இல்லை என்று அந்த டிசம்பரிலேயே கோப்பை மூடினார்கள். லீ சுன் க்யூன், இறப்பதற்கு முந்தைய நாள், தன்மீது குற்றம் சொல்லும் பெண்ணையும் தன்னையும் சேர்த்துப் பொய் கண்டறியும் சோதனைக்கு உட்படுத்துங்கள் என்று வழக்கறிஞர் மூலம் எழுதிக் கொடுத்தார். தப்பு செய்யாதவர் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்கிறீர்களே, பயந்து ஒளிபவர் இப்படியா கேட்பார்?

ஊடகம் செய்ததில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. நவம்பர் 24 அன்று கேபிஎஸ் தன் செய்தியில் அவருடைய அந்தரங்கத் தொலைபேசி உரையாடலை ஒலிபரப்பியது. கேபிஎஸ் மக்களின் உரிமக் கட்டணத்தில் நடக்கும் பொது ஒளிபரப்பு நிறுவனம். அந்தப் பேச்சில் வழக்குக்கு உதவும் எதுவும் இருக்கிறதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். திருமணமான, இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு மனிதர் தனிமையில் பேசியதை நாடு முழுக்கக் கேட்க வைத்தார்கள். 'மை மிஸ்டர்' பார்த்திருப்பீர்கள். 2018இல் வந்த அந்தத் தொடரில் ஒரு ஏழைப் பெண் பணத்துக்காக அவருடைய கைபேசியை ஒட்டுக்கேட்பாள். கேட்கக் கேட்க, இவ்வளவு நல்ல மனிதருக்கா கெடுதல் செய்கிறோம் என்று உடைந்துபோவாள். அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள்தான் 2023இல் அந்த ஒலிப்பதிவையும் கேட்டுவிட்டுக் கீழே கமெண்ட் போட்டார்கள்.

இறந்த பிறகாவது விட்டார்களா? குடும்பம் வேண்டாம் என்று சொல்லியும் அவர் எழுதிவைத்தவற்றை ஒரு தொலைக்காட்சி வெளியிட்டது. யூடியூபர்கள் என்று சொல்லிக்கொண்டு சிலர் துக்க வீட்டுக்கே வந்து ரகளை செய்ததாக அவருடைய நிறுவனம் அறிக்கை விட்டது. விசாரணை அறிக்கையைக் கசியவிட்டதாக இன்ச்சியோன் போலீஸ்காரர் ஒருவரே பிறகு விசாரணைக்கு உள்ளானார்.

இதற்கெல்லாம் அங்கே சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. கொரியக் குற்றவியல் சட்டம் 1953இல் வந்தது. அதன் 126ஆவது பிரிவுப்படி, வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் முன் சந்தேகத்துக்குரியவர் மீதான குற்றச்சாட்டுகளை விசாரணை அதிகாரிகள் வெளியே சொல்வதே குற்றம். மூன்று ஆண்டுவரை சிறை. நடைமுறையில் அந்தப் பிரிவில் யாரும் தண்டனை பெறுவதில்லை. விசாரணைக்கு வருகிறவரைக் கேமராக்களின் முன் ஒரு கோட்டில் நிறுத்தும் 'போட்டோ லைன்' என்ற வழக்கம் வந்த கதையும் இப்படித்தான். 1993இல் ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜு யுங் விசாரணைக்கு வந்தபோது நெரிசலில் கேமரா இடித்து நெற்றியில் காயம்பட்டார். வருகிறவருக்கு அடிபடக் கூடாது என்றுதான் அதன் பிறகு தரையில் கோடு போட்டார்கள். காலப்போக்கில் அதுவே, தீர்ப்புக்கு முன்பே ஒருவரைக் குற்றவாளியாக நிறுத்திக் காட்டும் மேடையாகிவிட்டது. 2019இல் அரசு வழக்கறிஞர் அலுவலகம் இப்படிப் பகிரங்கமாக அழைப்பதையே நிறுத்திவிட்டது. நான்கு ஆண்டு கழித்தும் இன்ச்சியோன் போலீஸ் வாசலில் அது நடந்தது.

2024 ஜனவரி 12 அன்று, 'பாரசைட்' படத்தில் அவரை நடிக்க வைத்த இயக்குநர் போங் ஜூன் ஹோ உள்ளிட்ட கலைஞர்கள் சியோலில் பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் போலீஸ், ஊடகம் இரண்டையும் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டார்கள். பொதுநலனுக்குத் தொடர்பில்லாத செய்திகளை நீக்குங்கள் என்றார்கள். நாலு ஆஸ்கர் வாங்கிய படத்தின் இயக்குநரே மேடையேறி இதைக் கேட்க வேண்டியிருந்தது.

சரி, கிம் சே ரோனுக்கு வருகிறேன். அவர் தப்பு செய்தார். 2022 மே மாதம் குடித்துவிட்டு கார் ஓட்டி மின்மாற்றியில் மோதினார். அது குற்றம்தான். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நீதிமன்றம் 2 கோடி வோன் அபராதம் போட்டது. தண்டனை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஒரு தொடரில் ஏற்கனவே நடித்து முடித்த காட்சிகளைப் பெருமளவு வெட்டினார்கள். நாடகத்தில் நடிக்கப் போகிறார் என்ற செய்தி வந்ததும் எழுந்த கூச்சலில் அதிலிருந்தும் விலகினார். காபிக் கடையில் வேலை செய்தால், அது நடிப்பு என்றார்கள். ஒன்பது வயதிலிருந்து கேமரா முன் நின்ற பெண் 2025 பிப்ரவரியில் இறந்தபோது அவருக்கு 24 வயது. அதன் பிறகும் அவருடைய தனிப்பட்ட படங்களையும் குறுஞ்செய்திகளையும் வைத்து யூடியூபில் வாரக்கணக்கில் வியாபாரம் நடந்தது.

பத்திரிகைகளை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ரசிகர்களாகிய நாமும் இதில் இருக்கிறோம். 2024இல் பாடகி கரீனா ஒரு நடிகரோடு பழகுகிறார் என்று செய்தி வந்ததும், மின்பலகை வைத்த லாரியை அவருடைய நிறுவனத்தின் வாசலில் நிறுத்தினார்கள். நாங்கள் காட்டும் அன்பு போதாதா, மன்னிப்புக் கேள் என்று அதில் ஓடவிட்டார்கள். அந்தப் பெண் தன் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதினார். 23 வயதில் ஒருவரை விரும்பியதற்கு மன்னிப்பு! செய்தவர்கள் எதிரிகள் இல்லை. அவருடைய பாட்டை மனப்பாடமாகப் பாடுகிறவர்கள். திரையில் பார்த்த குணத்தை நிஜ மனிதரிடமும் கேட்கிறோம். அது கிடைக்காவிட்டால் ஏமாற்றிவிட்டார் என்று கொதிக்கிறோம். அந்தக் கொதிப்பைத்தான் செய்தித் தளங்கள் விற்கின்றன. 2019 அக்டோபரில் பாடகி சுல்லி இறந்ததும் செய்திகளைத் தொகுத்துத் தரும் கொரிய இணையதளமான டாமும் (Daum), மறு ஆண்டு மார்ச்சில் அதேபோன்ற நேவர் (Naver) தளமும் பொழுதுபோக்குச் செய்திகளின் கீழ் கமெண்ட் பகுதியை மூடின. நல்ல காரியம்தான். ஆனால் எழுதிய கைகள் சும்மா இருக்கவில்லை, வேறு தளங்களுக்குப் போய்விட்டன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுயுகம் தொலைக்காட்சி தமிழில் டப் செய்து ஒளிபரப்பிய நாளிலிருந்து நம் ஊரில் 'பாய்ஸ் ஓவர் பிளவர்ஸ்' தொடருக்கு ரசிகர்கள் உண்டு. அதில் கதாநாயகியைப் படுத்தி எடுக்கும் மூன்று மாணவிகளில் ஒருவராக வந்தவர் ஜாங் ஜா யோன். கொரியாவில் அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்த 2009 மார்ச்சிலேயே அவர் இறந்தார். தன்னைச் செல்வாக்குள்ளவர்களின் விருந்துகளுக்கு அனுப்பிக் கொடுமைப்படுத்தினார்கள் என்று எழுதிவைத்திருந்தார். முதல் விசாரணையே ஒழுங்காக நடக்கவில்லை என்று 2019இல் அரசு அமைத்த குழு சொன்னது. அதற்குள் காலக்கெடு கடந்துவிட்டது. செல்வாக்குள்ள யாரும் தண்டிக்கப்படவில்லை. நடிகர்கள் பத்திரிகைகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்கிற நீங்கள், ஜாங் ஜா யோனுக்கு யார் பதில் சொன்னார்கள் என்றும் கேட்கலாமே?

அப்புறம், உங்கள் கடிதத்தோடு இன்னொரு நடிகையைப் பற்றிய யூடியூப் இணைப்பு ஒன்றை அனுப்பி, 'இதையும் போடுங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். போடவில்லை. அதில் போலீஸும் இல்லை, நீதிமன்றமும் இல்லை, பெயர் சொல்லிப் புகார் கொடுத்தவரும் இல்லை. யாரோ ஒருவரின் குரலும், கீழே ஆயிரக்கணக்கில் கமெண்ட்டும்தான் இருக்கின்றன. வேறு யாருக்கும் அதை அனுப்பாதீர்கள்.