தண்ணீர் குடிக்காத நோயாளி

கடிதம்

மதிப்புக்குரிய அம்மா,

நான் செவிலியப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி. உடல் தன் உள்நிலையைச் சீராக வைத்துக்கொள்ளும் ஹோமியோஸ்டாசிஸ், மனிதத் தேவைகளை உடல் தேவைகளில் தொடங்கி அடுக்கிக் காட்டும் உளவியலாளர் மாஸ்லோவின் தேவைப் படிநிலை, உடலோடு மனத்தையும் சேர்த்துப் பார்க்கும் முழுமையான பராமரிப்பு எல்லாவற்றையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். வார்டுக்குப் போனால் ஊசி, மருந்து, நாடி, இரத்த அழுத்தம் என்று ஷிஃப்ட் முடிந்துவிடுகிறது. படிநிலையின் அடித்தளம் உடல் தேவைகள்தாம் என்றால், அவற்றை முடித்தபின் நேரம் மிஞ்சினால்தானே நோயாளியின் மனத்தைப் பற்றி நினைக்க முடியும்? முழுமையான பராமரிப்பு என்பது ஆள் பற்றாக்குறையே இல்லாத இடங்களுக்கு மட்டும் உரியதா?

ஒரு செவிலிய மாணவி

பதில்

அன்புள்ள மகளுக்கு,

உன் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆள் பற்றாக்குறை உண்மை. அதைச் செவிலியரின் அன்பால் ஈடுகட்டச் சொல்வது அநியாயம். ஆனால் உடலை முடித்துவிட்டு மனத்துக்கு வரலாம் என்று நீ போடும் கணக்கை நான் ஏற்கவில்லை. வார்டில் அந்தக் கணக்கு பலிப்பதில்லை.

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த ஒரு முதியவரை எடுத்துக்கொள். மேசையில் தண்ணீர் இருக்கிறது, அவர் குடிப்பதில்லை. குடித்தால் சிறுநீர் வரும், படுக்கைக் கலனுக்கு யாரையாவது அழைக்க வேண்டும், திரை சரியாக மூடாத கட்டிலில் அந்நியர் ஒருவர் முன் உடை விலக்க வேண்டும். அதைவிடத் தாகத்தைப் பொறுத்துக்கொள்வதே மேல் என்று முடிவு செய்துவிட்டார்.

இப்போது உடலுக்குள் நடப்பதைப் பார். இரத்தத்தின் அடர்த்தி நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலே மூளையின் ஹைப்போதலாமஸ் உணர்ந்துவிடும். நீரைப் பிடித்து வைக்கும்படி ஹார்மோன் வழியே சிறுநீரகத்துக்கு ஆணை போகும், தாகமும் எழும். முதுமையில் தாக உணர்வு மங்குகிறது, நீரைச் சேமிக்கும் சிறுநீரகத்தின் திறனும் குறைகிறது. ஏற்கெனவே தளர்ந்திருக்கும் அந்த ஏற்பாட்டோடு அவருடைய கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. விளைவாக இரத்தத்தில் சோடியம் ஏறலாம். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரலாம். எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் சரிந்து மறுபடி விழலாம். இரவில் இடம் தெரியாமல் குழம்பிப் பிதற்றலாம். குறிப்பேட்டில் நீ எழுதுவது 'நீர் உட்கொள்ளல் குறைவு' என்ற ஒரு வரி. சலைன் ஏற்றினால் அன்றைய எண் சரியாகும், ஆனால் காரணம் அப்படியே இருக்கும். திரையை முழுதாக இழுத்துவிட்டு, "கூப்பிடத் தயங்காதீர்கள், நானே இன்ன நேரத்துக்கு வந்து கேட்கிறேன்" என்று சொல்லி, சொன்னபடி வந்து நின்றால் அவர் குடிப்பார். இதில் எது உடல் தேவை, எது மனத்தேவை என்று பிரித்துக் காட்டு பார்க்கலாம்.

ஹோமியோஸ்டாசிஸ் என்ற பெயரை 1920களில் வழங்கியவர் அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன். அச்சமும் சினமும் அட்ரினலினைச் சுரக்கவைத்து இரத்தச் சர்க்கரையை உயர்த்துவதை அதற்கு முன்பே ஆராய்ந்தவரும் அவர்தான். இன்சுலின் போட்டும் சர்க்கரை இறங்காத நோயாளியிடம் உணவையும் மருந்தளவையும் தொற்றையும் விசாரிக்கும்போது, தூங்கினாரா, எதற்குப் பயப்படுகிறார் என்றும் கேட்டுப் பார்.

மாஸ்லோவைப் பற்றி ஒன்று. 1943இல் அவர் எழுதிய கட்டுரையில், பாடநூல்களில் நாம் காணும் பிரமிடு படமே கிடையாது. ஒரு தேவை முழுதாக நிறைவேறிய பிறகுதான் அடுத்தது தலைகாட்டும் என்று எண்ணிவிடக் கூடாது என அதிலேயே சொல்லியிருக்கிறார். மூச்சு திணறுகிறவரிடம் முதலில் மூச்சுப் பாதையைத்தான் பார்க்க வேண்டும், அதில் விவாதமில்லை. அந்த வரிசை நெருக்கடி வேளைக்கானது. அதை ஷிஃப்ட் முழுவதற்குமான அட்டவணையாக்கிவிட்டோம் என்பது என் வருத்தம். வார்டுக்குச் செவிலிய அறிஞர் வர்ஜீனியா ஹெண்டர்சனின் 14 அடிப்படைத் தேவைகள் எனக்கு அதிகம் உதவியிருக்கின்றன. சுவாசத்தில் தொடங்கும் அப்பட்டியலில் உறக்கம், தன் உணர்வுகளைச் சொல்ல முடிவது, நம்பிக்கைப்படி வழிபடுவது, கற்பது எல்லாம் உண்டு.

தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை என்பதையும் வார்டில்தான் கற்றேன். படுக்கைப்புண் வராமலிருக்க ஒருவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறாய் அல்லவா? அவர் முகத்தைப் பார்த்து, என்ன செய்யப்போகிறாய் என்று சொல்லிவிட்டுச் செய். தோலைப் பார்க்கும் அதே நேரத்தில் வலியையும் பயத்தையும் கேட்டுவிடலாம். இரவில் சத்தத்தைக் குறைப்பதும் மருந்து கொடுப்பதற்கு ஈடான பணிதான். நவீன செவிலியத்தின் முன்னோடி நைட்டிங்கேல் 1859இல் வெளியிட்ட நூலில் சத்தத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்.

நலமேம்பாட்டைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தம் உடல்நலத்தின் மீது மக்களுக்கே கூடுதல் பிடி கிடைக்கச் செய்வதுதான் அது என்கிறது உலக சுகாதார அமைப்பின் மாநாடு 1986இல் வெளியிட்ட ஒட்டாவா சாசனம். வீட்டுக்குப் புறப்படுகிறவரிடம் 'உப்பைக் குறையுங்கள்' என்று அச்சிட்ட தாளை நீட்டுவதால் அந்தப் பிடி கிடைக்காது. வீட்டில் சமைப்பவர் யார் என்று கேள், அவரையும் அருகில் அழைத்துச் சொல். பிறகு, கேட்டதைத் தம் சொற்களிலேயே திருப்பிச் சொல்லச் சொல். தடுமாறினால் வேறு விதமாக விளக்கிவிட்டு, இன்னொரு முறை கேள்.

அன்புடன்.