டேங்கில் இருக்கிறது, இன்ஜினுக்கு வரவில்லை!

போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: "பெட்ரோல் தீர்ந்து நிற்கும் காரைப் பார்த்து ஓட்டுநரைத் திட்டாதீர்கள்." அதற்கு வந்த கடிதங்களில் பாதி என்னைத் திட்டி வந்தவை. சிறிய பந்தய அணிகளில் பல வருடம் பெட்ரோல் கேன் தூக்கியவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம். இந்த முறை பதில்கள் முழுக்க அதைப் பற்றியே.

கேள்வி: ஆக்ஸிலேட்டர் ஓட்டுநரின் காலடியில்தானே இருக்கிறது? பெட்ரோல் தீர்ந்தால் அவரைத் திட்டாமல் யாரைத் திட்டுவது?

பதில்: எவ்வளவு ஊற்றுவது என்று முடிவு செய்தவரை. டேங்க் நிரம்ப ஊற்றினால் போச்சு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் பெட்ரோலுக்கு எடை உண்டு. ஃபார்முலா 1 காரில் 10 கிலோ கூடினால் ஒரு சுற்றுக்குச் சுமார் 0.3 விநாடி போய்விடும். அதனால் கணக்குப் போடுகிறவர் எப்போதும் கொஞ்சம் குறைத்தே ஊற்றப் பார்ப்பார். நடுவில் விபத்து ஏதாவது நடந்து, எல்லாக் கார்களையும் மெதுவாக்கும் சேஃப்டி கார் வந்து நாலு சுற்று மெதுவாகப் போனால் மிச்சமாகிவிடும் என்று ஒரு நப்பாசை. சேஃப்டி கார் வராத அன்று ஓட்டுநர் தலையில் விடியும்.

1985 இமோலா பந்தயத்தைச் சொல்கிறேன். டர்போ காலம். ஒரு காருக்கு 220 லிட்டர்தான். நடுவில் நிரப்பவும் கூடாது. அயர்ட்டன் சென்னா முன்னணியில் போய்க்கொண்டிருந்தார். முடிய சில சுற்றுகள் இருக்கும்போது டேங்க் வறண்டது. அடுத்து முன்னணிக்கு வந்த ஸ்டெஃபான் ஜொஹான்சனுக்கும் அதே கதி. அலைன் புரோஸ்ட் முதலில் கோட்டைத் தாண்டினார். காரை எடை போட்டால் 2 கிலோ குறைவு, தகுதி நீக்கம். கடைசியில் கோப்பை எலியோ டி ஆஞ்சலிஸ் கைக்கு வந்தது. அவர் யார் தெரியுமா? சென்னாவின் சக ஓட்டுநர். அதே லோட்டஸ் கார், அதே ரெனோ இன்ஜின், அதே 220 லிட்டர்.

ஆகா, அப்படியானால் சென்னாவின் கால்தானே காரணம் என்று கேட்பீர்கள். அன்றைக்குக் கொஞ்சம் அதுவும்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கால் அப்படி மிதித்ததால்தான் அவர் முன்னணியிலேயே இருந்தார்.

கேள்வி: மிச்சம் பிடித்து ஓட்டுவதெல்லாம் திறமையா ஐயா? பயந்து ஓட்டுவது போல்தான் எனக்குத் தெரிகிறது.

பதில்: நேர்ப்பாதையின் கடைசி நூறு மீட்டரைக் கவனியுங்கள். கார் 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இன்ஜின் தரும் பலம் எல்லாம் காற்றைக் கிழிக்கவே சரியாகப் போய்விடும். முழுதாக மிதித்தாலும் வேகம் பெரிதாகக் கூடாது, பெட்ரோல் மட்டும் கொட்டும். அந்த இடத்தில் பிரேக்குக்குக் கொஞ்சம் முன்பே காலை எடுத்துவிட்டு, காற்றே காரைத் தடுக்கட்டும் என்று விடுவதற்கு லிஃப்ட் அண்ட் கோஸ்ட் என்று பெயர். மிச்சமாகும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் இழக்கும் நேரம் அற்பம்.

கேட்க எளிது. செய்து பார்த்தால் தெரியும். காலை முன்பே எடுத்தால் பிரேக் ஆறிப்போகும், டயரின் சூடு இறங்கும். போன சுற்றில் பிடித்த இடத்தில் இந்தச் சுற்றில் பிரேக் பிடித்தால் வளைவுக்கு முன்பே கார் சுணங்கிவிடும். எனவே பிரேக் பிடிக்கும் இடத்தை ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் பின்னால் ஒருவன் மூக்கை நுழைத்துக்கொண்டு வரும்போது.

2016 இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தை முடிந்தால் முழுதாகப் பாருங்கள். அலெக்சாண்டர் ராஸி, அங்கே முதல் தடவை ஓட்டியவர், கடைசியாக ஊற்றிய பெட்ரோலை 36 சுற்றுக்கு இழுத்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பெட்ரோலுக்கு உள்ளே போக, இவர் முன்னால் போகும் கார்களின் நிழலில் ஒண்டி, கிளட்சைப் பிடித்து உருட்டிக்கொண்டே ஜெயித்தார். கடைசி வளைவில் அந்தக் கார் தவழ்ந்து வந்தது. அவ்வளவு மெதுவாக ஓட்ட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

எதிர்த்திசையிலும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் கஞ்சன் கட்சி என்று நினைப்பீர்கள். 1998 ஹங்கேரி. அப்போது நடுவில் நிறுத்திப் பெட்ரோல் நிரப்பலாம். முன்னால் இருந்த மெக்லாரன் கார்கள் இரண்டு முறை நிறுத்தும் திட்டத்தில் இருந்தன. ஃபெராரியின் தொழில்நுட்ப இயக்குநர் ராஸ் பிரான், மைக்கேல் ஷூமாக்கரை மூன்று முறை நிறுத்தும் திட்டத்துக்கு மாற்றினார். டேங்கில் குறைந்த பெட்ரோல், காற்றாகப் போகும் கார். ஆனால் 19 சுற்றில் 25 விநாடி இடைவெளி எடுத்தாக வேண்டும். அத்தனை சுற்றையும், கிளம்பும் இடத்தை முடிவு செய்யும் தகுதிச் சுற்று போலவே ஓட்டி எடுத்தார் மனிதர். கணக்கை பிரான் போட்டார், அந்தக் கணக்கை மெய்யாக்கியது ஓட்டுநர். இரண்டில் எது பெரிது என்று கேட்காதீர்கள், நானும் அதையே வருடக்கணக்காக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கிளப் காரில் கால் டேங்க் பெட்ரோல் இருக்கும்போதே நீளமான வளைவில் இன்ஜின் இருமுகிறது, நேர்ப்பாதையில் சரியாகிவிடுகிறது. ஓட்டுநர் பயத்தில் காலை எடுக்கிறார் என்கிறார் எங்கள் மெக்கானிக். நான்தான் அந்த ஓட்டுநர்.

பதில்: தம்பி, உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முகம் சிவந்துவிட்டது. நானும் ஒரு காலத்தில் இதே வார்த்தையை ஒரு பையனைப் பார்த்துச் சொன்னேன்.

முதலில் விஷயத்துக்கு வருகிறேன். வலது வளைவில் கார் திரும்பும்போது பெட்ரோல் முழுவதும் டேங்கின் இடது சுவரில் ஏறிக்கொள்ளும். உறிஞ்சும் வாய் வலது பக்கமோ நடுவிலோ இருந்தால் அது காற்றைத்தான் உறிஞ்சும். டேங்க் நிறைய இருக்கும்வரை இது தெரியாது. கால் பங்குக்கு வந்ததும் இரும ஆரம்பிக்கும். இதற்காகத்தான் டேங்குக்குள் தடுப்புகள் வைப்பது, நடுவில் ஒரு சிறிய குடுவை வைத்து அது எப்போதும் நிரம்பியிருக்கும்படி தனிப் பம்ப் போடுவது எல்லாம். இன்னும் 10 லிட்டர் சேர்த்து ஊற்றி அதே வளைவில் ஓட்டிப் பார். இருமல் போனால் உன் மேல் குற்றமில்லை.

போகவில்லை என்றால் என் கதையைக் கேள். அந்தப் பையனும் இப்படித்தான் "அண்ணா, கால் முழுசா மிதிச்சிருக்கு, இன்ஜின் தான் வரல" என்று சத்தியம் செய்தான். அந்தக் காரில் டேட்டா பதிவுக் கருவி எதுவும் கிடையாது. நான் நம்பவில்லை. இரண்டு பந்தயம் அவனைக் கரித்துக்கொட்டினேன். மூன்றாவது தடவை, சும்மா அவன் வாயை அடைக்கலாம் என்று, பெட்ரோல் அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்றைக் கண்ணில் படும் இடத்தில் கட்டிவிட்டேன். வந்து சொன்னான்: வளைவில் மட்டுமல்ல, நேர்ப்பாதையின் முடிவிலும் முள் சரிகிறது. பம்பைக் கழற்றினேன். வலையில் மஞ்சளாக, ரொட்டித் தூள் போல ஏதோ அடைத்திருந்தது. பந்தய டேங்குக்குள் பெட்ரோல் அலையடிக்காமல் இருக்க ஸ்பாஞ்ச் வைப்பார்கள் அல்லவா, அது வயதாகி உதிர்ந்திருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலில் சிலவகை ஸ்பாஞ்ச் இன்னும் சீக்கிரம் உதிரும். அந்த ஸ்பாஞ்சை மாற்ற வேண்டிய தேதி டேங்க் மூடியிலேயே எழுதி ஒட்டியிருந்தது. எழுதியவன் நானேதான். பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, "சரிண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். திட்டியிருந்தால் தேவலை.

ஆக, உன் மெக்கானிக்கிடம் பம்ப் வலை, பில்டர், பம்புக்குப் போகும் மின்அழுத்தம் இவற்றைப் பார்க்கச் சொல். அப்புறம் டேங்கின் காற்றுத் துளை. அது அடைத்திருந்தால் பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுத்தாலும் வராது. ஓட்டி முடித்ததும் மூடியைத் திறந்தால் "புஸ்" என்று காற்று உள்ளே போகிறதா என்று கேள். அதுவரை "இன்னும் ஒரு சுற்றுதானே" என்று ஓட்டாதே. பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் உள்ளே சூடு ஏறி, இன்ஜின் நாக் அடித்து (பெட்ரோல் கண்டபடி தானாக வெடித்து), பிஸ்டனில் ஓட்டை விழும்.

இன்னொன்று. பெரிய அணிகளுக்கும் இதெல்லாம் நடக்கும். 2022 பஹ்ரைனில் இரண்டாம் இடத்தில் இருந்த மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் முடிய மூன்று சுற்று இருக்கும்போது ஓய்ந்தார். அதே அணியின் செர்ஜியோ பெரஸ் கடைசிச் சுற்றில் முதல் வளைவிலேயே சுழன்று நின்றார். அதைப் பார்த்தவர்கள் பெரஸ் சொதப்பிவிட்டார் என்றே நினைத்தார்கள். டேங்கில் பெட்ரோல் இருந்தது. இன்ஜினுக்குத்தான் வரவில்லை.

கேள்வி: நல்ல வெயிலில் ஓட்டிவிட்டு நிறுத்தினால் பத்து நிமிடம் கழித்து கார் ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது. ஆறியதும் சரி.

பதில்: ஓடும்போது குளிர்ந்த பெட்ரோல் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். நின்றதும் இன்ஜின் சூடு குழாய்க்கு ஏறி, உள்ளே இருப்பது ஆவியாகிவிடும். பம்ப் திரவத்தைத் தள்ளும், ஆவியைத் தள்ளத் திணறும். குழாய் எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போகிறதா பாருங்கள். பழைய காரென்றால், இன்ஜின் பக்கம் இருக்கும் பம்பை மாற்றி டேங்குக்கு அருகில் மின்சாரப் பம்ப் போடுவதே நிரந்தர வழி.

கேள்வி: 2021 ஹங்கேரியில் வெட்டல் இரண்டாவதாக வந்தும் ஒரு லிட்டர் பெட்ரோலுக்காக வெளியே தள்ளினார்களே, அநியாயமில்லையா?

பதில்: வலிக்கும்தான். அநியாயம் இல்லை. பந்தயம் முடிந்ததும் சோதனைக்கு 1 லிட்டர் மாதிரி எடுக்கும்படி காரில் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. வெட்டலின் காரில் 0.3 லிட்டர்தான் எடுக்க முடிந்தது. தங்கள் கணக்குப்படி 1.74 லிட்டர் உள்ளே இருக்க வேண்டும் என்றது அவருடைய அணியான ஆஸ்டன் மார்ட்டின். பிறகு தரவுகளைத் துருவியதில், எரிபொருள் அமைப்பில் பழுதாகிக் கணிசமான பெட்ரோல் வெளியே போயிருந்தது தெரிந்தது. வெட்டல் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும், மாதிரி இல்லாமல் விட்டுவிட்டால் நாளைக்கு ஏதாவது கலந்து ஓட்டுபவனும் "பம்ப் பழுது" என்பான்.

2012 பார்சிலோனாவும் இதே சங்கதிதான். தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்த லூயிஸ் ஹாமில்டனை, போதுமான பெட்ரோல் ஊற்றாததால் பாதையிலேயே நிறுத்தச் சொன்னது அணி. அதற்குத் தண்டனையாக, பந்தயத்தில் 24ஆவது இடத்திலிருந்து கிளம்பி 8ஆவதாக வந்தார். அன்றைக்கு ஜெயித்தவர் பாஸ்டர் மால்டொனாடோ. ஃபார்முலா 1இல் அவருக்கு வாய்த்த ஒரே வெற்றி, யாரோ குறைத்து ஊற்றியதும் சேர்ந்து கொடுத்தது.

கேள்வி: டிவியில் பார்த்து யார் உண்மையில் நன்றாக ஓட்டுகிறார் என்று எப்படிச் சொல்வது?

பதில்: அதிவேகச் சுற்று யாருடையது என்று பார்ப்பதை முதலில் விடுங்கள். கடைசியில் டேங்க் காலி, டயர் புதிது என்றால் யாரும் அதை எடுத்துவிடலாம். நீளமாக ஓட்டும் பகுதியில் நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சுமார் 110 கிலோவை 60 சுற்றில் எரித்தால் ஒரு சுற்றுக்கு 1.8 கிலோ இறங்கும். எடை குறைவதால் மட்டுமே சுற்றுக்கு 0.05 விநாடி போல இலவசமாகக் கிடைக்க வேண்டும். டயர் தேய்ந்து அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். 20 சுற்றும் நேரம் அப்படியே நிற்கிறதென்றால் டயரைப் பொத்திப் பொத்தி ஓட்டுகிறார் என்று அர்த்தம். அதே அணியின் இன்னொரு காரோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

கேள்வி: ஆக்டேன் கூடிய பெட்ரோல் ஊற்றினால் என் கார் பறக்குமா?

பதில்: பறக்காது. ஆக்டேன் என்பது நாக் அடிக்காமல் தாங்கும் குணம், பலம் அல்ல. அதைப் பயன்படுத்தும்படி இன்ஜின் அமைந்திருந்தால்தான் லாபம்.

கேள்வி: மீட்டரை நம்பலாமா?

பதில்: 1986 அடிலெய்ட் பந்தயத்தில், பெட்ரோல் போதாது என்று காட்டிக்கொண்டே இருந்தது புரோஸ்ட்டின் கணினி. சாம்பியன் பட்டம் அவர் இன்ஜினை நம்பியிருந்தது. ஓட்டினார், ஜெயித்தார், கணினி சொன்னதுதான் தப்பு. அதே வருடம் ஹாக்கன்ஹைமில் கடைசிச் சுற்றில் நிஜமாகவே தீர்ந்துபோய், இறங்கி அந்தக் காரைத் தள்ளியவரும் அவரேதான்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் பந்தயக் கார் ஓட்டியதுண்டா?

பதில்: ஒரே ஒரு முறை. பிட்டிலிருந்து லாரிக்கு, 200 மீட்டர். பாதி வழியில் நின்றுவிட்டது. பையன்கள் சிரித்துக்கொண்டே கேனோடு ஓடி வந்தார்கள். அதற்கு முந்தைய மணி நேரம்தான் டேங்கை முழுதாக வடித்து வைத்திருந்தேன்.