ஓராண்டு வட்டி 7%, ஐந்தாண்டு வட்டி 6%: எதில் போடுவது?

கேள்வி: மகளின் உயர்கல்விக்கு இன்னும் ஐந்து ஆண்டுகளில் தேவைப்படும் ஒரு தொகையை வைப்பில் போட எண்ணியுள்ளேன். ஓராண்டு வைப்புக்கு 7% வட்டியும் ஐந்தாண்டு வைப்புக்கு 6% வட்டியும் தருகிறார்கள். ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கணிதம் படிக்கும் என் தம்பியோ, வட்டி விகிதத்துக்கென்றே கணித மாதிரிகள் இருப்பதால் ஏற்ற இறக்கத்தை முன்கூட்டியே கணித்து முடிவெடுக்கலாம் என்கிறான். எது சரி?

பதில்: இந்தத் தொகையின் பெரும்பகுதியை ஐந்தாண்டு வைப்பிலேயே போடுங்கள். 7% இருக்கும்போது 6%க்கு ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதுதான் உங்கள் தயக்கம் என்பதால், கணக்கை முதலில் பார்ப்போம்.

6% கூட்டு வட்டியில் ஐந்து ஆண்டுகளில் 100 என்பது 133.82 ஆகிறது. ஓராண்டு வைப்பில் போட்டால் முதலாண்டு முடிவில் 107 கிடைக்கும். அந்த 107 மீதமுள்ள நான்கு ஆண்டுகளில் 133.82ஐ எட்ட, ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 5.75% வட்டி கிடைக்க வேண்டும். ஆகவே, நீங்கள் ஒப்பிட வேண்டியது 7%ஐயும் 6%ஐயும் அல்ல. இரண்டாம் ஆண்டு முதல் ஐந்தாம் ஆண்டு வரை உங்களுக்குக் கிடைக்கப்போகும், இன்று யாருக்கும் தெரியாத விகிதத்தை இந்த 5.75%உடன்தான் ஒப்பிட வேண்டும். நீண்டகால வட்டி என்பது வருங்காலக் குறுகியகால வட்டிகளைப் பற்றிய சந்தையின் எதிர்பார்ப்பே என்று கூறும் எதிர்பார்ப்புக் கோட்பாட்டின் சாரம் இதுதான். குறுகியகால வட்டி நீண்டகால வட்டியைவிட உயர்ந்து நிற்கும்போது, வட்டி இறங்கும் என்றே சந்தை பொதுவாக எண்ணுகிறது.

பணத்தைக் கைவசம் வைத்திருக்கும் வசதியை விட்டுக்கொடுப்பதற்கான விலையே வட்டி என்று 1936இல் பொருளியலாளர் கெய்ன்ஸ் எழுதினார். அதிலிருந்து மேலே சென்ற மற்றொரு பொருளியலாளர் ஹிக்ஸ், கடன் கொடுப்பவர்கள் இயல்பாகக் குறுகிய காலத்தையே விரும்புவதால் நீண்ட காலத்துக்குக் கூடுதலாக ஒரு ஈட்டுத்தொகை கேட்பார்கள் என்றார். அவர் சொன்னது சரியானால், மேற்கண்ட 5.75%க்குள் அந்த ஈட்டுத்தொகையும் அடங்கியிருக்கும். சந்தை உண்மையில் எதிர்பார்ப்பது அதைவிடவும் குறைவான விகிதத்தையே.

எனினும், எல்லோரும் குறுகிய காலத்தைத்தான் விரும்புகிறார்களா? பொருளியலாளர்கள் மோடிக்லியானியும் சச்சும் 1966இல் முன்வைத்த கருத்துப்படி, ஒவ்வொருவருக்கும் தம் தேவையை ஒட்டிய கால அளவு ஒன்று உண்டு; அதிலிருந்து விலகுவதுதான் அவருக்கு அபாயம். உங்கள் நிலைக்கு மிகவும் பொருந்துவது இதுவே என்பது என் கருத்து. ஐந்து ஆண்டுகள் கழித்துத் தேவைப்படும் பணத்தை ஆண்டுதோறும் புதுப்பிப்பது பாதுகாப்பானதுபோலத் தோன்றினாலும், ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் அன்றைய வட்டி எதுவோ அதை ஏற்றுக்கொள்ளும் கட்டாயத்தில் நீங்கள் இருப்பீர்கள்.

தம்பியின் வாதத்துக்கு வருகிறேன். அவர் மனத்தில் இருப்பது நிதிக் கணிதவியலாளர் வாசிசெக் 1977இல் வெளியிட்ட மாதிரியோ அதன் வழிவந்த ஒன்றோ ஆகலாம். வட்டி விகிதம் தற்செயலாக அலைந்தாலும், ஒரு நீண்டகாலச் சராசரியை நோக்கித் திரும்ப இழுக்கப்படுகிறது என்பது அதன் அடிப்படை. இன்றைய விகிதம் 7%, சராசரி 5%, திரும்பும் வேகம் ஆண்டுக்கு 0.25 (சராசரிக்கும் விகிதத்துக்கும் உள்ள இடைவெளி ஆண்டுக்கு ஏறத்தாழ 22% குறையும்), அலைச்சலின் அளவு ஆண்டுக்கு ஒரு சதவீதப் புள்ளி என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் எதிர்பார்க்கப்படும் விகிதம் சுமார் 5.6% என்று வரும். ஆனால் அந்தக் கணித மாதிரியே, அந்த விகிதம் 2.9% முதல் 8.2% வரை எங்கு வேண்டுமானாலும் இருக்க 95% வாய்ப்பு உண்டு என்றும் சொல்கிறது! போதாக்குறைக்கு, நான் கொடுத்த நான்கு எண்களும் வெறும் அனுமானங்கள். உண்மையான தரவுகளிலிருந்து மதிப்பிட்டாலும், திரும்பும் வேகத்தைத் துல்லியமாகக் கண்டறிவது கடினம். கடன் பத்திரங்களையும் அவற்றைச் சார்ந்த ஒப்பந்தங்களையும் ஒன்றுக்கொன்று முரணின்றி விலையிடவே இத்தகைய மாதிரிகள் பெரிதும் பயன்படுகின்றன. அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வட்டி சுழியத்துக்குக் கீழே போக வாசிசெக் மாதிரி இடம் கொடுப்பது பெருங்குறையாகக் கருதப்பட்டது. 1985இல் காக்ஸ், இங்கர்சால், ராஸ் என்ற பொருளியலாளர்கள் மூவரும் வெளியிட்ட மாதிரி அந்தக் குறையை நீக்கியது. பிறகு 2014 ஜூனில் ஐரோப்பிய மத்திய வங்கி தன்னிடம் வங்கிகள் வைக்கும் பணத்துக்கான வட்டியை -0.1% ஆக்கியபோது, குறை என்று எண்ணியதே நிஜமாகிவிட்டது.

என் பரிந்துரையின் உண்மையான பலவீனம் பணவீக்கம்தான். பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் வலியுறுத்தியபடி, பணக்கணக்கிலான வட்டியிலிருந்து விலை உயர்வைக் கழித்த பின் எஞ்சும் மெய் வட்டியே உங்கள் வருவாய். பணவீக்கம் 4% என்றால் 6% வைப்பில் மெய் வட்டி சுமார் 1.9% (துல்லியமாகக் கணக்கிட, 1.06ஐ 1.04ஆல் வகுக்க வேண்டும்), பணவீக்கம் 7%க்கு ஏறினால் ஆண்டுக்குச் சுமார் 0.9% இழப்பு. அத்தகைய சூழலில் குறுகியகால வட்டியும் ஓரளவு உயரக்கூடும் என்பதால், புதுப்பித்துக்கொண்டே போகும் உங்கள் எண்ணத்துக்கு அங்கே மட்டும் ஒரு நியாயம் இருக்கிறது. பணவீக்கத்தோடு இணைக்கப்பட்ட, ஐந்து ஆண்டுகளில் முதிரும் அரசுப் பத்திரம் உங்களுக்குக் கிடைக்குமானால், தொகையில் மூன்றில் ஒரு பங்கை அதில் வைக்கலாம். கிடைக்காவிட்டால் அந்தப் பங்கை மட்டும் ஓராண்டு வைப்பில் புதுப்பித்து வாருங்கள்.

வைப்பைத் தொடங்கும் முன், வட்டி அசலோடு சேர்ந்து கூடும் வகைதானா என்பதையும், இடையில் முறித்தால் எவ்வளவு பிடித்தம் செய்வார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வட்டி ஆண்டுதோறும் கைக்கு வரும் வகையானால், அந்த வட்டியை மறுபடி எந்த விகிதத்தில் போட முடியும் என்ற கேள்வி திரும்ப வந்துவிடும். மேலே காட்டிய 133.82 அப்போது உறுதியல்ல.